இரண்டு ஆறுகளும் ஒரு கிணறும்

என் எழுத்தை அடிக்கோடிட்டு, முழுமையாக, இரண்டு தடவை வாசித்தவர் ஒரேயொருவர்தான். அவர் ஒஸ்லோவில் ஓர் அரச அலுவலகத்தில், தொழிலால் வந்த நோய்களுக்கான விண்ணப்பங்களைப் பார்ப்பவர். அவருடைய முகத்தை நான் கண்டதில்லை. இத்தனை வருடமாக நகைச்சுவைக் கட்டுரை எழுதி நான் தேடிக்கொண்டிருந்த வாசகர் அவர்தான் என்பதில் மட்டும் சந்தேகமில்லை. அவர் கவனமாக வாசித்ததால் ஒரு பெண்ணுக்குக் கிடைக்கவேண்டியது கிடைக்காமல் போயிற்று. அந்தக் கதையைத்தான் எழுதுகிறேன். சிரிப்பு வந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.

ஒஸ்லோவில் ஓடும் ஆக்கர்செல்வா ஆற்றங்கரையில் ஒரு பழைய நூற்பாலைக் கட்டடத்தில் உள்ள சிறிய அருங்காட்சியகத்தில் எனக்கு வேலை. நுழைவுச்சீட்டுக் கொடுப்பேன். மழைக்கோட்டுகளைத் தொங்கவிட இடம் காட்டுவேன். பாடசாலைப் பிள்ளைகள் வந்தால் ஒரு தறியை இரண்டு நிமிடம் ஓடவிட்டுக் காட்டுவேன். அவர்கள் காதைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். இரண்டு நிமிடத்துக்கு மேல் ஓடவிடக் கூடாது என்பது அங்கே விதி. பிள்ளைகளின் காது முக்கியம்.

ஆட்கள் வராத நாட்களில் வாசிப்பேன். அப்படித்தான் அமெரிக்காவில் ஆலைகள் தொடங்கிய காலத்து ஒரு குடும்பம் என்னைப் பிடித்துக்கொண்டது. ஒரு தகப்பன், மூன்று மகன்கள், ஒரு மருமகன். வடகிழக்கு மூலையில் ஒரு சின்ன ஆறு. தகப்பன் நீர்வீழ்ச்சியோடு சேர்த்து நிலத்தை வாங்கினார். மூத்தவர் நூற்கும் இயந்திரங்களைப் பார்த்துக்கொண்டார். நடுவிலவர் ஆலையைச் சுற்றி ஒரு ஊரையே கட்டினார்: தேவாலயம், கடை, ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிக்கூடம். கடைசி மகன் இரண்டாவது ஆலையைத் தொடங்கித் தன் மகளின் பெயரை அதற்கு வைத்தார். நீர்வீழ்ச்சி பிறத்தியாரிடம் போய்விடக் கூடாதென்று பேரப்பிள்ளைகளைத் தங்களுக்குள்ளேயே கட்டிக்கொடுத்தார்கள்.

இங்கிலாந்துத் துணி வராமல் தடைபட்டிருந்த காலத்தில் அந்தக் குடும்பம் கொழுத்தது. தடை நீங்கிக் கப்பல்கள் வந்ததும், நாடு அழியப் போகிறது என்று மனு எழுதியது. அவர்கள் நெய்ததில் முரட்டுத் துணி தெற்கே போயிற்று. தங்களுக்குப் பருத்தி பறித்துத் தந்த அடிமைகளுக்கு உடுக்க அதை விற்றார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லோரும் பக்தியாகப் பாடினார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது அவர்கள் ஆள் எடுத்த விதம். தனி ஆளை எடுக்கமாட்டார்கள், குடும்பமாகத்தான் எடுப்பார்கள். ஆலையில் நின்றது பிள்ளைகள். பெயர்ப் பதிவில் இருந்தது தகப்பனின் பெயர் மட்டும். இன்னாரும் பிள்ளைகளும். அவ்வளவுதான். எட்டு வயதில் உள்ளே போய் இருபது வயதில் வெளியே வந்த ஒரு பெண்ணுக்குத் தான் அங்கே நின்றதற்கு ஓர் எழுத்தும் இராது.

பிடித்தது என்று சொன்னேன். தவறான சொல்தான், ஆனால் அப்போது அப்படித்தான் இருந்தது. வாசிக்க வாசிக்க எங்கள் வீட்டுப் புகைப்பட அல்பத்தைப் புரட்டுவது போல ஒரு கூச்சம் கலந்த சந்தோசம்.

ஏனென்றால் எங்களுக்கும் ஓர் ஆலை இருந்தது. யாழ்ப்பாணத்தில், பெரியப்பாவும் அப்பாவும் நடத்தியது. பதினெட்டு விசைத்தறிகள். ஆண்கள் உடுக்கும் சாரமும் பள்ளிக்கூடத் துணியும் நெய்தோம். வெளிநாட்டுத் துணியை அரசாங்கம் உள்ளே விடாத காலம் அது. அதனால் நாங்கள் கெட்டிக்காரர்கள் என்று நம்பிக்கொண்டிருந்தோம். பெரியப்பாவின் மகளை அத்தையின் மகனுக்குக் கட்டிக்கொடுத்து, ஆலையில் ஒரு பங்கைச் சீதனமாக எழுதினார்கள். அமெரிக்கக் குடும்பம் இதைச் சத்தமில்லாமல் செய்தது. நாங்கள் மேளம் அடித்துச் செய்தோம். பிறகு கொழும்புத் துறைமுகம் திறந்தது, வெளிநாட்டுச் சீத்தைத் துணி வந்திறங்கியது, பெரியப்பா மனு எழுதினார்.

ஒரேயொரு வித்தியாசம். யாழ்ப்பாணத்தில் ஆறு கிடையாது. எங்கள் சாயத் தண்ணீர் பின்வளவால் ஓடி அயலவரின் கிணற்றுக்குள் இறங்கியது. அந்தக் குறுகிய ஒழுங்கையில் தோய்த்த வெள்ளைச் சட்டையெல்லாம் இளநீலமாக இருந்ததற்கு அதுதான் காரணம். அப்பா அதை நீலம் போடும் செலவு மிச்சம் என்பார்.

இதையெல்லாம் சேர்த்து நான் அருங்காட்சியகத்தில் ஓர் உரை நிகழ்த்தினேன், நோர்வேஜிய மொழியில். அமெரிக்க ஆறு, ஆக்கர்செல்வா, எங்கள் கிணறு. ‘இரண்டு ஆறுகளும் ஒரு கிணறும்’ என்று தலைப்பு. நாற்பது பேர் வந்தார்கள். என் சொந்தக் குடும்பத்தையே நான் விட்டுவைக்கவில்லை என்பதில் அவர்களுக்கு அப்படியொரு மரியாதை. கடைசியில் எழுந்து நின்று கைதட்டினார்கள். மனைவி வீட்டுக்கு வரும் வழியில் சொன்னாள், “அவை எழும்பினது பின்னுக்குக் கோப்பி வைச்சவுடனை.”

உரையை அருங்காட்சியகம் ஒரு சிறு புத்தகமாக அச்சடித்தது. அதில் ஒரு பத்தியை நான் மனப்பாடமாகச் சொல்லுவேன். சொல்லியும் திரிந்தேன். எங்கள் ஆலையில் பதினான்கு வயதில் வந்து சேர்ந்த ஒரு பெண்ணைப் பற்றியது. பதினெட்டுத் தறிகளின் சத்தத்தில் யாரும் யாரோடும் வாயால் கதைக்க முடியாது. அங்கே நின்ற பெண்கள் உதட்டைப் பார்த்தே கதைத்தார்கள். தறிக்கு அந்தப் பக்கம் நிற்பவளோடு நாள் முழுக்கக் கதைத்தார்கள், பகிடி விட்டார்கள், முதலாளியைத் திட்டினார்கள், அதுவும் முதலாளிக்கு முன்னால் நின்றே. இருபது வயதாவதற்குள் இந்தப் பெண்ணின் காது போய்விட்டது. அவருக்கே அது தெரியாது, ஏனென்றால் கண்ணால் கேட்கப் பழகியிருந்தார். அவர் இன்று இதே நகரத்தின் கிழக்கில், வட துருவத்து மீன் ஆலை ஒன்றைத் தாண்டி வந்து, வாழ்கிறார்.

பெயர் போடவில்லை. பெயர் போடாததைப் பெரிய நாகரிகமாக நினைத்திருந்தேன்.

அந்தப் பெண், நான் அக்கா என்று கூப்பிடுபவர், எங்கள் வீட்டிலிருந்து சுரங்க ரயிலில் நாலாவது தரிப்பில் இருக்கிறார். ஆலையிலிருந்து விலகும்போது அரசாங்க நெசவு நிலையத்தில் ஒரு வேலைக்கு எழுதிப்போட்டாராம். அதற்கு, முன்பு வேலை செய்த இடத்திலிருந்து ஒரு சேவைக் கடிதம் வேண்டியிருந்தது. அப்பாவிடம் போய்க் கேட்டிருக்கிறார். அப்பா என்ன சொன்னார் என்பதை ஒஸ்லோவில் ஒரு பிறந்தநாள் விழாவில், கையில் கேக் தட்டோடு, அப்பாவின் குரலிலேயே எனக்குச் சொல்லிக்காட்டினார்.

“நீ இஞ்சை வேலை செய்தனீயோ பிள்ளை? வீட்டுப் பிள்ளை மாதிரியெல்லோ நிண்டனீ.”

பிறகு அப்பா ஒரு சேலை கொடுத்தனுப்பினார். தொழில் திணைக்களத்திலிருந்து பரிசோதனைக்கு யாராவது வந்தால் அந்தப் பெண்கள் எல்லோரும் உதவிக்கு நிற்கிற வீட்டுப் பிள்ளைகள்தான். பதிவில் ஒருவரும் இல்லை. அன்று இரவே நான் அதை என் உரைக்குக் குறிப்பெடுத்தேன். அமெரிக்கப் பதிவோடு எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது.

அக்கா கலியாணம் கட்டி, நோர்வேயின் வடகோடியில் உள்ள பாட்ஸ்பியோர்ட்டுக்கு வந்தார். அங்கே மீன் வெட்டும் ஆலையில் பன்னிரண்டு வருடம், இயந்திரங்களுக்கு நடுவில். காதில் மிச்சமிருந்தது அங்கே போயிற்று. அதோடு ஒரு விசித்திரமும் நடந்தது. அக்காவுக்குத் தமிழர்களின் உதடு தெரியும். நோர்வேஜியரின் உதடு தெரியாது. வாயைப் பெரிதாகத் திறக்காமலே கதைக்கிற சனம். அதனால் தமிழில் அவருக்குக் காது கேட்கும், நோர்வேஜிய மொழியில் கேட்காது. மேற்பார்வையாளர் இவருக்கு மொழி வரவில்லை என்று முடிவுகட்டினார். தொடக்க நிலை மொழி வகுப்புக்கு அனுப்பினார்கள். அதே வகுப்புக்கு மறுபடி அனுப்பினார்கள். ஒஸ்லோவுக்கு வந்து துப்புரவு வேலை எடுத்த பிறகும் அனுப்பினார்கள். குளிர்காலத்தில் எல்லோரும் வாயைச் சால்வையால் மூடிக்கொண்டு திரிவார்கள், அப்போது தமிழும் கேட்காது. நம்மவர்கள் அவரைக் கொஞ்சம் மந்தம் என்று முடிவெடுத்திருந்தோம். நானும்தான். கதைக்கும்போது என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். அதை என் பேச்சின் சுவை என்று எடுத்துக்கொண்டேன்.

உண்மை வெளியே வந்தது நோய்த்தொற்றுக் காலத்தில். எல்லோரும் முகக்கவசம் போட்டார்கள். அக்கா முழுச் செவிடானார். அவருடைய மகள், இங்கே பிறந்தவள், மருந்துக் கடையொன்றில் வேலை செய்கிறாள். அவள்தான் ஒருநாள் கவசத்தோடு நின்று, “அம்மா, அடுப்பு எரியுது” என்று மூன்று தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, கவசத்தைக் கழற்றி அதையே மறுபடி சொன்னாள். அம்மா அடுப்பைப் பார்த்தார். மகள் அழுதுவிட்டுப் பரிசோதனைக்குக் கூட்டிப் போனாள். என் உரையில் அந்தப் பத்தி வந்தது இதற்குப் பிறகுதான்.

காது வைத்தியர் இது இரைச்சலால் வந்த பழைய சேதம் என்று எழுதிக் கொடுத்தார். வேலையால் வந்தது என்று அரசு ஏற்றுக்கொண்டால் ஒரு முடிவுக் கடிதம் தருவார்கள். நட்டஈடும் உண்டு. ஆனால் அக்காவுக்கு வேண்டியிருந்தது வேறு.

“எனக்கு ஒரு கடுதாசி வேணும் தம்பி,” என்றார். “இந்த மனிசிக்குக் காதுதான் பழுது, மூளை இல்லை எண்டு. அவையின்ரை முத்திரையோட.”

அதை எங்கே காட்டுவீர்கள் என்று கேட்டேன். ஒருவருக்கும் காட்டவேண்டியதில்லை என்றார்.

விண்ணப்பம் நிரப்புவது நம்மவரிடையே ஒரு பதவி. நோர்வேஜிய மொழியில் பிழையில்லாமல் எழுதுகிறவன் என்று பெயரெடுத்தால், பிறகு ஞாயிற்றுக்கிழமை உங்களுடையது இல்லை. அக்காவின் சமையலறை மேசையில் நான் இருந்து நிரப்பினேன். மீன் ஆலை, வருடங்கள், எந்த இயந்திரத்துக்குப் பக்கத்தில். எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. ஓரிடத்தில் வந்து நின்றது. அதற்கு முன்னர் இரைச்சலுள்ள வேலை எதுவும் செய்திருக்கிறீர்களா.

நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா என் வாயைப் பார்த்தார்.

“என்ன போட?” என்றேன்.

“உங்கட அப்பா என்ன சொன்னவர்?”

“வேலை செய்யேல்லை எண்டு.”

“அப்ப அதையே போடுங்கோ.”

இல்லை என்று போட்டேன். இரண்டு பேரும் சிரித்தோம். அப்பா முதல் தடவையாக அவருக்கு ஒரு உபகாரம் செய்திருக்கிறார் என்று நான் சொன்னதற்கு அக்கா இன்னும் சிரித்தார். பதிவில் இல்லாத வேலை செய்யாத வேலைதானே. முழுப் பொய்யும் இல்லை. மீன் ஆலை அந்தக் காதைக் கெடுக்கவில்லை என்று யாராலும் சொல்ல முடியாது.

அத்தோடு உறையை ஒட்டியிருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்கமாட்டேன். ஆனால் நாங்கள் ஒட்டுகிற ஆட்கள் இல்லை. நாங்கள் இணைக்கிற ஆட்கள். ஒரு அலுவலகம் ஒரு பத்திரம் கேட்டால் யாழ்ப்பாணத்தான் பதினொன்று இணைப்பான். பிறப்புப் பத்திரம், அதன் மொழிபெயர்ப்பு, மொழிபெயர்த்தவரின் சான்று, கோயில் கமிட்டி கொடுத்த நன்றிக் கடிதம், பிள்ளையின் நீச்சல் சான்றிதழ். தலைப்பில் ஏதாவது அச்சடித்திருந்தால் அது இணைப்பு. கனம் கூடினால் மதிப்புக் கூடும் என்பது எங்கள் நம்பிக்கை. ஒரு தாள் குறைந்து திருப்பி அனுப்பப்பட்ட சனத்தின் புத்தி அது. அக்கா ஒரு பிளாஸ்டிக் கோப்பு நிறைய வைத்திருந்தார். ஒவ்வொன்றாக எடுத்துத் தந்தார். நான் எண்ணிட்டு அடுக்கினேன்.

முடிவில், என் பையிலிருந்து அந்தச் சிறு புத்தகத்தை எடுத்தேன்.

“இதையும் வைப்பம் அக்கா. உங்களைப் பற்றி நல்ல மாதிரி எழுதியிருக்கிறன். அருங்காட்சியகத்தின்ரை முத்திரையும் இருக்கு.”

“அவ்வளவும் வேணுமோ தம்பி?”

“பிரயோசனப்படும்.”

பக்கத்தில் ஒரு மஞ்சள் ஒட்டுத்தாளும் வைத்தேன். சரியாக அந்தப் பத்தியில். அவர்கள் தேடிக் கஷ்டப்படக் கூடாதல்லவா. அந்தப் பத்தியில் என்ன சொல்லியிருக்கிறது என்று அந்த நேரம் எனக்குத் தெரியாதா என்று கேட்டால், வரிக்கு வரி தெரியும். ஆனால் நான் அதை அழகுக்காகத்தான் ஞாபகம் வைத்திருந்தேன். அதில் ஒரு தகவல் இருக்கிறதென்று எனக்குத் தோன்றவேயில்லை. எழுத்தாளர்களுக்கு வழக்கமாக வருகிற வியாதிதான் இது.

சில மாதங்கள் கழித்து அக்காவின் மகள் தொலைபேசியில் கூப்பிட்டாள். “மாமா, வேட்டாக் வந்திட்டுது,” என்றாள். முடிவுக் கடிதத்துக்கு இங்கே அதுதான் பெயர். “நீங்கள் வந்து வாசியுங்கோ. நான் கதைச்சால் கத்துவன்.”

போய் வாசித்தேன். கடிதம் மரியாதையாக எழுதப்பட்டிருந்தது. விண்ணப்பத்தில் முன்னர் இரைச்சல் வேலை இல்லை என்று கூறப்பட்டுள்ளது. ஆனால் விண்ணப்பதாரர் தாமே இணைத்த இணைப்பு எண் பதினான்கு, முன்னாள் வேலைகொள்வோரின் மகனால் எழுதப்பட்டது, அவருக்கு இருபது வயதுக்கு முன்னரே, நோர்வேக்கு வருவதற்கு முன்னரே, நெசவாலையில் செவிப்புலன் போய்விட்டதாகத் தெளிவாகக் கூறுகிறது. ஆகவே சேதம் இந்நாட்டு வேலையால் ஏற்பட்டதாகக் கொள்ள முடியவில்லை. என் பத்தியை மேற்கோள் குறிக்குள் முழுதாகப் போட்டிருந்தார்கள். ஓர் எழுத்துக்கூட வெட்டவில்லை.

அப்பா கொடுக்க மறுத்த சேவைக் கடிதத்தை நான் கொடுத்திருந்தேன். நாற்பது சொச்சம் வருடம் பிந்தி, கேட்காத நேரத்தில், பிழையான விலாசத்துக்கு.

மகள் கத்தவில்லை. மேசையில் தாளும் பேனையும் வைத்தாள்.

“நீங்கள் பெயர் போடேல்லைத்தானே மாமா. அது கற்பனை எண்டு எழுதித் தாங்கோ. அப்பிடி ஒரு ஆளே இல்லை, கதைக்குச் சும்மா எழுதினது எண்டு. நாங்கள் க்ளாகே போடுறம்.”

க்ளாகே என்றால் மேன்முறையீடு. அதன் முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன், யாரும் நம்பிக்கையோடு மிச்சத்தை வாசிக்கவேண்டாம். அதுவும் தோற்றது. ஆசிரியர் பின்னர் அளித்த மறுப்பை ஏற்க முடியவில்லை என்று எழுதியிருந்தார்கள். தறிக்கு அந்தப் பக்கம் நிற்பவளோடு உதட்டால் கதைப்பது முதலான விவரங்கள் கற்பனையாக இருக்க முடியாத அளவுக்குத் துல்லியமாக இருக்கின்றனவாம். என் எழுத்துக்கு இன்றுவரை கிடைத்த நல்ல விமர்சனம் அது ஒன்றுதான். வெட்டி வைத்திருக்கிறேன்.

ஆனால் அந்த மேசைக்குத் திரும்புகிறேன். பேனை என் கையில். நான் தயங்கினேன். காரணம் நேர்மை என்று சொல்ல ஆசைதான். உண்மையில் நான் நினைத்தது எழுந்து நின்று கைதட்டிய அந்த நாற்பது பேரை. அருங்காட்சியகம் அதைச் சரித்திரம் என்று அச்சடித்திருந்தது. என் குடும்பத்தின் அநியாயத்தைச் சொல்லித்தான் நான் அந்த ஊரில் கொஞ்சம் மனிதனாக இருந்தேன். அதுவும் பொய் என்று கையெழுத்து வைத்தால் எனக்கு என்ன மிச்சம்?

“யோசிக்கிறியள் போல,” என்றாள் மகள்.

அக்கா தேத்தண்ணியை என் பக்கம் நகர்த்தினார்.

“எழுதுங்கோ தம்பி. உங்கட வீட்டுக்குப் பழகின வேலைதானே.”

கோபமாகச் சொல்லவில்லை. அவசரப்பட வேண்டாம் என்பது போலச் சொன்னார்.

எழுதினேன். நல்ல நோர்வேஜிய மொழியில், ஒரு பிழையில்லாமல். மேற்படி கட்டுரையில் வரும் பெண் என் கற்பனை. இந்த விண்ணப்பதாரர் என் குடும்பத்தின் ஆலையில் எக்காலத்திலும் வேலை செய்யவில்லை. கீழே கையெழுத்து. கையெழுத்தின் வால் அப்பாவுடையது போலவே வளைந்து போவதை அப்போதுதான் கவனித்தேன்.

மகள் வாசித்துத் தலையாட்டினாள். அக்கா கையை நீட்டித் தாளை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

“தமிழில சொல்லுங்கோ.”

“அதுதான் அக்கா, நாங்கள் கதைச்சது...”

“இல்லை. உதில இருக்கிறதைச் சொல்லுங்கோ.”

சொன்னேன். தாளைப் பார்த்துத்தான் தொடங்கினேன். தலையைக் குனிந்தால் அவருக்கு உதடு தெரியாது. அக்கா மேசையில் விரலால் இரண்டு தட்டுத் தட்டினார். ஆலையில் அடுத்தவளைத் திரும்பிப் பார்க்கச் சொல்லும் தட்டு. நிமிர்ந்தேன். அவருடைய முகத்தைப் பார்த்தபடி முதலிலிருந்து சொன்னேன். இவர் எங்கள் ஆலையில் எக்காலத்திலும் வேலை செய்யவில்லை. அக்கா என் வாயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கடைசிச் சொல்வரை பார்த்தார். பார்த்து முடித்ததும், பதினெட்டுத் தறிகளுக்கு நடுவில் நின்று சொல்வது போல, சத்தம் வராமல் உதட்டை மட்டும் அசைத்து ஏதோ சொன்னார். எனக்கு அது விளங்கவில்லை. அந்த மொழி முதலாளி வீட்டுக்குத் தெரியாது. தெரியக் கூடாதென்றுதான் அவர்கள் அதை வைத்திருந்தார்கள்.

“என்ன அக்கா?”

“ஒரு கொப்பி எனக்கும் வேணும் எண்டனான்,” என்றார், இந்த முறை குரலோடு. “உங்கட வீட்டில இருந்து கையெழுத்து வைச்சு வந்த முதல் கடுதாசி.”

அதைத்தான் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. மகள் பிரதி எடுத்துக்கொண்டு வந்தாள். அக்கா அதை பிளாஸ்டிக் கோப்பில், மற்ற எல்லாவற்றுக்கும் மேலே வைத்தார்.